கேஸ் தீர்ந்து போச்சாம்!

"அக்கா, கேஸ் போயிருச்சுக்கா. அடிச்சுட்டா சரியாப் போகும்."

ஃப்ரிட்ஜ் இருக்கிற வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்காத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழ்த்தட்டில் வைத்த மாவு பொங்கிப் புளித்துவிட்டதா? கேஸ். மேலே ஐஸ் பாறை மாதிரி வளர்ந்துவிட்டதா? கேஸ். அடியில் தண்ணீர் ஒழுகுகிறதா? அதற்கும் கேஸ்தான்! கதவைத் திறந்து ஒரு பார்வை, பின்பக்கம் குனிந்து ஒரு பார்வை, நெற்றியைச் சுருக்கி ஒரு "ம்ம்ம்..." ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். தண்டம் ரெண்டாயிரமோ மூவாயிரமோ, ஊருக்கும் ஆளுக்கும் தகுந்தபடி.

இந்தக் கூத்து இத்தனை வருஷமாக ஓடுவதற்கு முதல் காரணம் அந்தச் சொல்தான். வீட்டில் கேஸ் என்றால் சிலிண்டர். எரியும், தீரும், புக் பண்ணினால் அடுத்தது வரும். அதே சொல்லை ஃப்ரிட்ஜுக்கும் போட்டுவிட்டதால், "ஆமா, வாங்கி நாலு வருஷம் ஆச்சே, தீர்ந்திருக்கும்" என்று கேட்பவருக்கே நியாயமாகப் படுகிறது. ஆனால் ஃப்ரிட்ஜில் ஓடும் கேஸ் எரிவதும் கிடையாது, செலவாவதும் கிடையாது. கமலை இறைத்த காலத்துச் சால் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். சால் கிணற்றுக்குள் இறங்கும், தண்ணீரை மொள்ளும், மேலே வந்து ஊற்றும், மறுபடி இறங்கும். ஃப்ரிட்ஜ் கேஸ் செய்வதும் அதே வேலை. மொள்வது தண்ணீருக்குப் பதில் சூடு. ஃப்ரீசர் குழாயில் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். கம்ப்ரசர் அதை அழுத்திப் பின்பக்கக் காயிலுக்கு (புது மாடல்களில் பக்கச் சுவருக்குள் ஒளிந்திருக்கும்) அனுப்பும். அங்கே சூட்டைக் கொட்டிவிட்டுத் திரவமாகி, மெல்லிய கேப்பிலரி குழாய் வழியாகத் திரும்ப ஃப்ரீசருக்கே வரும். எல்லாம் பற்றவைத்து மூடிய ஒரே சுற்று. சால் தீர்ந்து போச்சு என்று எந்தச் சம்சாரியாவது சொன்னதுண்டா? ஓட்டை விழுந்துருச்சு என்றுதான் சொல்வான்.

அதாவது, கேஸ் நிஜமாகவே குறைந்திருந்தால் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடிப்பவர், ஓட்டைச் சாலில் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டுக் காசு வாங்குகிறார். ஆறு மாதம் கழித்து அதே ஃப்ரிட்ஜ், அதே வசனம். "போன சித்திரையிலதானப்பா அடிச்ச?" என்று கேட்டால், "கேஸ் இப்பல்லாம் தரமா வர்றதில்லக்கா" என்று ஒரு பதில் தயாராக இருக்கும்!

பட்டணத்தில் ரெண்டு நாள் ஃப்ரிட்ஜ் ஓடாவிட்டால் பெரிய இழப்பு இல்லை. தெருமுனையில் ஓட்டல் இருக்கிறது, பாக்கெட் மாவு இருக்கிறது. போடிக்கும் தேவாரத்துக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருக்கும் ராசிங்காபுரம் மாதிரி ஊரில் கதை வேறு. இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன்னே ஜீப் ஏறி மலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். ராத்திரி வைத்த குழம்பும் விடுமுறை நாளில் ஆட்டி வைத்த மாவும் ஃப்ரிட்ஜ் இருந்தால்தான் தாங்கும். வீட்டில் இன்சுலின் போடும் பெரியவர் இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். ஃப்ரிட்ஜே தவணையில் வாங்கியது. மெக்கானிக் போடியிலிருந்து வர வேண்டும். அவர் சொன்னது சரியா என்று இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம்தான், அதற்கு இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். யார் உட்காருவார்கள்? "சரி, அடிச்சு விடுப்பா" என்று சுருக்குப்பையைத் திறக்க வேண்டியதுதான்.

சரி, கேஸ் போகவே போகாதா? போகும். அதிலும் பெரும்பங்கு வீட்டுக்காரர்கள் கைவேலை. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டியின் சுவரே கேஸ் ஓடும் பாதை. மெல்லிய அலுமினியம். ஐஸை எடுக்கிறேன் பேர்வழி என்று கத்தியாலும் கரண்டிக் காம்பாலும் குத்தினால், "புஸ்ஸ்" என்று ஒரு சத்தத்தோடு கதை முடிந்தது. குழாய் துருப்பிடித்தும் ஓட்டை விழலாம். கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜுக்கு அடையாளங்கள் உண்டு. கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி பிடிக்கும். காயிலைத் தொட்டால் சூடே இருக்காது.

அப்படி நிஜமாகவே போயிருந்தால் செய்ய வேண்டிய வேலை பெரிது. அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும், அடைக்க வேண்டும். ஃபில்டர் ட்ரையர் என்ற சின்னக் குப்பியைப் புதிதாக மாற்ற வேண்டும். வாக்குவம் பம்ப் வைத்து உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். ஈரம் தங்கினால் கேப்பிலரி குழாயில் ஐஸாகி அடைக்கும், ஃப்ரிட்ஜ் மறுபடி படுக்கும். கடைசியாகத்தான் கேஸ், அதுவும் எடை போட்டு. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் அளவும் கிராமில் அச்சடித்திருக்கும். இப்போது வரும் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜுகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ, ஐம்பது கிராமைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு எலுமிச்சம்பழ எடை! பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓடாது. ஆனால் கேஸ் அடிக்க வருகிறவர்களில் எத்தனை பேர் பையில் தராசு இருக்கிறது? குழாயைத் தொட்டுப் பார்த்து "போதும்" என்பதுதான் அளவு. போடியில் எந்த வியாபாரியாவது ஏலக்காயைக் கையால் தூக்கிப் பார்த்து "ஒரு கிலோ இருக்கும்" என்றால் விடுவார்களா?

இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், சமையல் சிலிண்டரில் இருப்பதன் பங்காளி. எளிதில் தீப்பிடிக்கும். கேஸை முழுசாக வெளியேற்றாமல், ஜன்னல் திறக்காத அடுக்களையில் உட்கார்ந்து குழாயில் டார்ச் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு கொடுமை, கையில் இருக்கிற ஆர்-134ஏ-வை ஆர்-600ஏ ஃப்ரிட்ஜில் ஏற்றுவது. ரெண்டுக்கும் கம்ப்ரசர் வேறு, அழுத்தம் வேறு, ஆயிலும் பெரும்பாலும் வேறு. சில நாள் ஓடும். பிறகு கம்ப்ரசரே போகும், "அக்கா, கம்ப்ரசர் போயிருச்சுக்கா" என்று அடுத்த வசனம் வரும்.

ஓட்டையோடு கேஸ் அடிப்பது வெறும் வீட்டுக் கணக்கும் இல்லை. பழைய ஃப்ரிட்ஜுகளில் இருந்த ஆர்-12 ஒரு சிஎஃப்சி. அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974-ல் எழுதினார்கள், 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1995-ல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. இந்தியாவில் 2010-ல் ஆர்-12 விடைபெற்றது. அதுவரை "அடிச்சுட்டா சரியாப் போகும்" என்று அடித்ததெல்லாம் ஓட்டை வழியாக வானத்துக்குத்தான் போனது. அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல்.

இனி, கேஸ் என்ற பெயரில் காசு பறிக்கப்படும் மற்ற கோளாறுகள். முதல் குற்றவாளி கதவு ரப்பர். மாவு வழிந்து, கறை ஏறி, கறுப்புப் பூசணம் பிடித்து விறைத்துப்போயிருக்கும். ஒரு ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்தால் லகுவாக வருகிறதா? அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பாதி ரப்பர்கள் பிழைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ரப்பரை மட்டும் மாற்றலாம்.

அடுத்தது, மூச்சு விட இடமில்லாமல் ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைப்பது. ஒரு பக்கம் அரிசி மூட்டை, இன்னொரு பக்கம் பீரோ, மேலே பூப்போட்ட துணி விரிப்பு! சூட்டைக் கொட்ட இடமில்லாத ஃப்ரிட்ஜ் எங்கே கொட்டும்? (பக்கச் சுவர் சுடுகிறதே என்று பயப்படுகிறவர்கள் பலர். சுடத்தான் வேண்டும். சுட்டால் கேஸ் சுற்றுகிறது என்று அர்த்தம்.) காயில் வெளியே தெரியும் மாடலாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் படிந்த தூசியைப் பழைய பிரஷ்ஷால் தட்டினால் வித்தியாசம் தெரியும்.

ரெண்டு கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே மட்டும் குளிரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது ஃபேனையும் டீஃப்ராஸ்ட் ஹீட்டரையும் சென்சாரையும். பின்சுவருக்குள் பனி அடைத்துக் காற்று கீழே வராமல் நிற்கும். இதற்குக் காசில்லாத சோதனை உண்டு. சாமான்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து ஒரு நாள் முழுக்க விட வேண்டும். மறுபடி போட்டதும் சில நாள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழையபடி ஆனால், கோளாறு டீஃப்ராஸ்டில் என்று ஏறக்குறைய உறுதி. ஒரு நாள் ஓய்வெடுத்தால் கேஸ் திரும்பி வந்துவிடுமா என்ன?

அடியில் தண்ணீரா? வடிகால் துளையில் கறிவேப்பிலையோ மாவோ அடைத்திருக்கும். வெந்நீர் ஊற்றினால் போதும்.

பிறகு கரண்ட். பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் கிராமத்து லைனில் வோல்டேஜ் படுத்துவிடும். உள்ளே லைட் மங்கலாக எரியும், கம்ப்ரசர் "டிக்" என்று முனகிவிட்டு நிற்கும். கரண்ட் போய் உடனே வந்தாலும் இதே "டிக்"தான். குழாய்க்குள் அழுத்தம் இறங்கும்முன் கம்ப்ரசரால் கிளம்ப முடியாது, ஓவர்லோடு அதைத் துண்டிக்கிறது. ஐந்து நிமிடம் பொறுத்துப் போட்டால் ஓடும். சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த 2012-ல் இது தெரியாமல் பயந்த வீடுகள் எத்தனையோ! எவ்வளவு பொறுத்தும் கிளம்பாவிட்டால் ரிலேயோ ஓவர்லோடோ போயிருக்கலாம். சில நூறு ரூபாய் சமாச்சாரம். இதற்கும் கேஸுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது.

"பாவம்ப்பா, மெக்கானிக்கும் பிழைக்கணும்ல" என்று ஒரு வாதம் வரும். நியாயமான வாதம், அதில் வாடிக்கையாளருக்கும் ஒரு குட்டு இருக்கிறது. போடியிலிருந்து பைக்கில் வந்து, ரப்பரைத் துடைத்து, ஃப்ரிட்ஜை நகர்த்தி வைத்துவிட்டு "இருநூறு குடுங்கக்கா" என்று ஒருவர் நேர்மையாகக் கேட்டால், "தொடச்சு விட்டதுக்கு இருநூறா?" என்று தெருவே கூடும். அதே ஆள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மூவாயிரம் என்றால் மறுபேச்சு இல்லை. கோளாறைக் கண்டுபிடித்த அறிவுக்குக் கூலி கொடுக்க மனசு வராத ஊரில், கேஸ் விற்காமல் அவர் என்ன செய்வார்? நேர்மையாக வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் இதில் முதல் நஷ்டம்.

கம்பெனிகள் மட்டும் யோக்கியமா? "10 வருஷ வாரண்டி" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அது கம்ப்ரசருக்கு மட்டும் என்பது பொடி எழுத்தில் இருக்கும். மற்ற பாகங்களுக்குப் பெரும்பாலும் ஒரே வருஷம்தான். கூடவே வரும் கையேட்டில் பல சமயம் தமிழ் தேடினாலும் கிடைக்காது. விற்க மட்டும் தமிழில் விளம்பரம்! வாங்கிய பொருளைப் பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் தனி இணையதளமே திறந்தது. மலைக்குப் போய்த் திரும்பும் அக்காவுக்கு அது எப்படி எட்டும் என்பது வேறு விஷயம். போனில் 1915 அடித்தால் தேசிய நுகர்வோர் உதவி மையம். பில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரைக்கும் போகலாம். பில் இல்லாமல்தான் இந்த வியாபாரமே நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே அடுத்த முறை "கேஸ் போயிருச்சுக்கா" என்ற குரல் கேட்டால், "ஓட்டை எங்க இருக்கு தம்பி, காட்டுங்க" என்று கேட்கலாம். காட்டினால் அடைக்கச் சொல்லலாம். ஸ்டிக்கரில் இருக்கிற கேஸ்தானா, அதே கிராம்தானா என்று நின்று பார்க்கலாம். கழற்றிய பழைய ஃபில்டரைக் கையில் வாங்கிக்கொண்டு, கேஸின் பெயரும் எடையும் போட்டு ஒரு பில் எழுதித் தரச் சொல்லலாம். பையில் தராசு இல்லாதவர் அன்றைக்கு "இன்னொரு நாள் வர்றேன்க்கா" என்று கிளம்பிவிடுவார். அவர் போனபிறகு, அந்த அரிசி மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துப் பார்க்கவும்.