ஆரூரானோடு போட்ட சண்டை

தீராத நோயில் கிடப்பவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு, அவர் சாமி கும்பிடுகிறவர் என்று தெரிந்துவிட்டால் பேச்சு ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. "நீங்க கும்பிடுற சாமி கைவிடாது, தைரியமா இருங்க" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்புக்குள் ஒரு கட்டளையும் இருக்கிறது. பக்தர் அழக்கூடாது, வலிக்கிறது என்று சொல்லக்கூடாது, சொன்னால் பக்தியில் எங்கோ குறை. கணையப் புற்றுநோயோடு அப்பா இருந்த மாதங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இந்தக் கட்டளையைப் பலர் வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா ஒருநாளும் அதற்குக் கட்டுப்படவில்லை. கடைசிவரை அவரைத் தாங்கியது பக்திதான். அது வாயை மூடிக்கொண்ட பக்தி இல்லை.

அப்பா திருவாரூர்க்காரர். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பயிர்க்கடன், விதை நெல், யூரியா மூட்டை என்று வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவர். வீடு கமலாலயக் குளத்தின் தென்கரைப் பக்கம். சாயங்காலம் ஆனால் குளித்து, திருநீறு பூசி, கோயிலில் சாயரட்சைப் பூசைக்குக் கிளம்பிவிடுவார். ஆரூர் சாயரட்சைக்குத் தேவர்களெல்லாம் வருவதாக நம்பிக்கை. "அவ்வளவு தூரத்திலேருந்து அவங்க வர்றாங்க, குளத்தைச் சுத்தி வர எனக்கென்ன?" என்பார். பல ஆண்டுகள் நின்றிருந்த ஆழித்தேர் 1970-ல் மறுபடி ஓடியபோது வடம் பிடித்த பள்ளிக்கூடப் பையன்களில் அவரும் ஒருவர். அந்தக் கதையை எங்களுக்குச் சொன்னதற்குக் கணக்கே இல்லை.

நோய் தெரிந்தபோதே முற்றியிருந்தது. கணையத்துக் கட்டி பெரும்பாலும் அப்படித்தான், வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும். குணமாகாது என்று டாக்டர் மெதுவாகச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருக்க, அப்பாவே குறுக்கிட்டு, "எவ்வளவு நாள்ங்கிறத விடுங்க சார், எவ்வளவு வலிக்கும்னு சொல்லுங்க" என்று கேட்டார்.

வயிற்றிலிருந்து முதுகுக்கு ஊடுருவும் வலி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துப் பேசுவார். "ஆரூரா, ஊரே தூங்குது. உனக்கும் எனக்கும் மட்டும்தான் முழிப்பு. இது நியாயமா சொல்லு." முதல் தடவை கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது. பிறகுதான் அவர் எங்கிருந்து பேசுகிறார் என்பது புரிந்தது.

அப்பர் என்கிற திருநாவுக்கரசரைச் சிவனிடம் கொண்டுவந்ததே வயிற்று வலிதான். சமணத்தில் தருமசேனர் என்று பெயரோடும் பெருமையோடும் இருந்தவரைச் சூலை நோய் பிடித்தது. மணி, மந்திரம் எதுவும் கேட்கவில்லை. தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்து, அங்கே வீரட்டானத்தில் பாடினார். அவர் பாடிய முதல் பதிகம் அது. தேவாரம் படித்தவர்கள் அதை ஒரு தடவை நோயாளியின் கண்ணோடு படித்துப் பார்க்க வேண்டும். வலி எங்கே இருக்கிறது, உள்ளே என்ன செய்கிறது, ஏன் பொறுக்க முடியவில்லை என்று வைத்தியரிடம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அதில் கூச்சமே இல்லை. வலிக்கிறது என்று சொல்வதிலிருந்துதான் அந்தப் பெரிய வாழ்வு தொடங்குகிறது.

சுந்தரர் கதை இன்னும் எங்கள் ஊருக்கு நெருக்கமானது. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து மணந்தவர், ஆரூர் வசந்த விழாவின் நினைவு வந்து எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. தட்டுத் தடுமாறித் தெற்கே நடந்தார். வெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடக்கண் வந்தது. ஆரூர் வந்து வலக்கண்ணுக்காகப் பாடிய பதிகத்தில் கெஞ்சலைவிடக் கோபம்தான் அதிகம். அடியவர்கள் பட்ட பாட்டைச் சொன்ன பிறகும் பேசாமலிருந்தால் நீரே சௌக்கியமாக இரும் என்கிற கோபம். கண்ணும் கிடைத்தது என்று சேக்கிழார் சொல்கிறார்.

வந்த உறவினர் ஒருவர் "எல்லாம் முன்வினைண்ணே" என்று தொடங்கியபோது அப்பா இதைத்தான் எடுத்தார். "சத்தியத்த மீறுனது சுந்தரர். தப்பு அவர் பேர்ல. அப்படியும் வந்து சண்டை போட்டாரா இல்லையா? நான் எந்தத் தப்பும் பண்ணாம வாங்கியிருக்கேன், ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?" வந்தவர் அதற்குப் பிறகு வினையைப் பற்றிப் பேசவில்லை.

இன்னொருவர் ரமண மகரிஷியைச் சொன்னார். 1948-ல் அவருடைய இடக்கையில் ஒரு கட்டி வந்தது. புற்று என்று தெரிந்து அறுவை செய்தார்கள், திரும்பத் திரும்ப வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விட்டார். அத்தனையையும் அவர் தாங்கிய விதத்தைப் பார்த்தவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். நானும் அந்த வியப்பில் தலை வணங்குகிறேன். ஆனால் உடம்பு நானல்ல என்று நின்ற ஞானியின் அளவுகோலைக் கொண்டுவந்து, ஓய்வு பெற்ற ஒரு கூட்டுறவுச் சங்கச் செயலாளரின் கட்டிலருகே நிறுத்துவது கொடுமை. அப்பாவுக்கு உடம்பும் அவர்தான். அந்த உடம்போடுதான் குளத்தைச் சுற்றி நடந்து போய்க் கும்பிட்டார்.

அவர் சொன்ன ஒன்று இன்னும் என் காதில் இருக்கிறது. ஆரூர்க் கோயிலில் தியாகேசரின் திருமேனி முழுக்க மூடியிருக்கும், தெரிவது முகம்தான். பாதம் காணக் கிடைப்பது மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும், அதுவும் ஒரு நாளுக்கு ஒரு பாதம். "அவர் மூடி வச்சிருக்கார், அது அவர் ரகசியம். நான் எதுக்கும்மா மூடணும்? எனக்கு என்ன ரகசியம்?"

இப்படி வலியைச் சாமியிடம் கூச்சமில்லாமல் சொல்லப் பழகியவராக இருந்ததால்தான் டாக்டரிடமும் அவரால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். சாதாரண வலி மாத்திரைகள் ஒன்றும் செய்யாமல் போனதும் மார்ஃபின் தேவைப்பட்டது. முதலில் பார்த்த இடத்தில் எழுதத் தயங்கினார்கள். கேட்ட மருந்துக் கடைகளில் இல்லை. இந்தியாவிலேயே மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது, மார்ஃபின் அதிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, உரிமத்துக்கு மேல் உரிமம் வேண்டியிருந்ததால் மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே அஞ்சின. 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். அச்சம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கடைசியில் வலி நிவாரண சிகிச்சை தெரிந்த ஒரு டாக்டர் கிடைத்தார். வாய்வழியாக, கடிகாரம் பார்த்து, படிப்படியாக. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்று வலிக்குச் சொன்ன முறை இதுதான். வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடக்கூடாது, வருவதற்கு முன்பே அடுத்த வேளை உள்ளே போக வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தையும் கூடவே தந்தார். வலிக்காக அளவோடு கொடுக்கும்போது அடிமையாகிவிடுவாரோ என்று பயப்பட வேண்டியதில்லை என்று பொறுமையாக விளக்கினார்.

பெரியத்தைக்கு மனசு ஆறவில்லை. "அபினியப் போயி வாயில போட்டுக்கிறியே தம்பி, திருநீறு போதாதா?"

"திருநீறும் பூசிக்கிறேன்க்கா, இதையும் போட்டுக்கிறேன். ரெண்டும் அவன் குடுத்ததுதான்."

அன்றிரவு அப்பா தூங்கினார். அம்மா எழுந்து எழுந்து மூச்சைப் பார்த்தாள், அவ்வளவு நாள் பழக்கமில்லாத தூக்கம். மறுநாள் சாயங்காலம் அவரே திருநீறு பூசிக்கொண்டு திண்ணைக்கு வந்து சாயரட்சை மணிக்காகக் காத்திருந்தார். வலி பிடித்து ஆட்டிய வாரங்களில் அவரால் ஒரு பதிகத்தை முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை. மாத்திரைக்குப் பிறகு சொன்னார். மருந்து பக்திக்குக் குறுக்கே வரும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மருந்துதான் அவருக்குப் பக்தியைத் திருப்பித் தந்தது. செவிலியாக இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்து, 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசிலும் உறவிலும் ஆன்மாவிலும் சேர்ந்தே இருக்கிறது என்றார். அவரும் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். ஜெபத்தையும் மார்ஃபினையும் எதிரெதிராக நிறுத்தவில்லை.

கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, நேரம், வலி பத்துக்கு எத்தனை, எந்த மாத்திரை, தூக்கம் என்று எழுதினார். கை நடுங்கத் தொடங்கியதும் அவர் சொல்ல நான் எழுதினேன். டாக்டர் அதைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டினார்.

குணமாக வேண்டும் என்று அப்பா வேண்டியதை நான் கேட்டதில்லை. ஏன் வேண்டவில்லை என்று ஒருமுறை அவரிடமே கேட்டுவிட்டேன். "அப்பரோட சூலையத் தீர்த்தான். அதுக்காக அவரை இங்கயே வச்சுக்கிட்டானா? எண்பத்தோரு வயசுல திருப்புகலூர்ல கூப்பிட்டுக்கலையா?" என்றார். சித்திரைச் சதயத்துக்குப் புகலூர் போய்வருகிறவர் அவர். போவதைப் பற்றி அவருக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் ராத்திரி இரண்டு மணி வலியைப் பற்றித்தான்.

மாசியில் போனார். பங்குனித் தேர் பார்க்கவில்லை.

கருமாதிக்கு வந்தவர்கள் "என்ன பக்தி! வலியே தெரியாம போயிட்டார் மனுஷன்" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நோட்டை எடுத்துவந்து சித்தப்பா கையில் கொடுத்தேன். ஒன்பது, எட்டு, ஒன்பது என்று நிறைந்த பக்கங்களையும், மாத்திரை தொடங்கிய பிறகு மூன்று, இரண்டு என்று இறங்கிய பக்கங்களையும் அவர் நிதானமாகப் புரட்டினார். பிறகு தன் சம்பந்திக்குத் தொண்டையில் புற்று, ராத்திரியெல்லாம் கத்துகிறார், இந்த மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தேன். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் வந்ததிலிருந்து, எழுந்து நடக்க முடியாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சை தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதியுங்கள் என்றும் சொன்னேன். நோட்டில் மிச்சமிருந்த வெள்ளைப் பக்கங்களில் அப்பா போட்டுவைத்த கோடுகள் அப்படியே இருந்தன. அதையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.