மதுக்காசு நம் கல்லாவுக்கு வேண்டாம்!

சகோதரர்களே! 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் மூலம் ஏற்றது. 2023-24இல் அதன் வருவாய் 45,855 கோடி ரூபாய்! மீலாது நபியன்று கடையை மூடுகிறார்கள். மறுநாள் திறந்து விடுகிறார்கள். பக்தர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கும் நம் திருவண்ணாமலையிலும் இதே நிலைதான்.

அரசைக் கண்டிப்போம். ஆனால் நம் நிலை என்ன?

வணிகர்களே! குடிப்பவரை மட்டுமா, விற்பவரையும் சுமப்பவரையும் அதன் விலையை உண்பவரையும் அல்லவா நபிகள் நாயகம் (ஸல்) சபித்தார்கள்? அப்படியானால் பாருக்கு விட்ட கட்டடத்தின் வாடகை ஹலாலாகுமா?

இளைஞர்களே! "குடிக்கவில்லை, கம்பெனிதான் கொடுக்கிறேன்" என்கிறீர்கள். மது பரிமாறும் இடத்தில் உட்காருவதையே மார்க்கம் தடுக்கிறதே!

கடையை மூடச் சொல்லி வீதிக்கு வருவோம். அதற்கு முன், பாருக்குக் கொடுத்த சாவியைத் திரும்ப வாங்குவோம்!