கையில் கட்டிய கடிகாரம் நம் மனதை அறியுமா?

அமெரிக்கச் சுகாதார அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர், 2025 ஜூன் மாதம் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் பேசினார். நான்கு ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு அமெரிக்கரும் உடல்நலத்தைக் கண்காணிக்கும் கருவி ஒன்றை அணிந்திருக்க வேண்டும் என்பதே தன் விருப்பம் என்றார். நம் ஊரில் அமைச்சர் சொல்லாமலேயே அது நடந்துகொண்டிருக்கிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் வாப்பாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வருகிறார். கல்லூரிக்குப் போகும் மகள் ஆன்லைனில் வாங்குகிறாள். நேற்றிரவு தூக்கத்துக்கு எத்தனை மதிப்பெண், மன அழுத்தம் எவ்வளவு என்று காலையில் பார்ப்பது பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது.

இந்த எண்களை நாம் எந்த அளவுக்கு நம்பலாம்?

சாட்சியமும் ஊகமும்

ஃபிக்ஹ் நூல்களில் சாட்சியம் பற்றிய பாடத்தில் ஓர் அடிப்படை உண்டு. சாட்சி தான் கண்டதையும் கேட்டதையும் சொல்ல வேண்டும். தன் ஊகத்தைச் சாட்சியமாக்கக் கூடாது. இந்தக் கருவிகளையும் அதே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

கடிகாரமோ மோதிரமோ நேரடியாகக் காண்பது நம் கை அசைவையும் நாடித்துடிப்பையும்தான். சிலவற்றில் தோலின் வெப்பமும் இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவும் சேரும். கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை ஒளி, தோலுக்கடியில் இரத்தம் கூடிக் குறைவதைக் கொண்டு துடிப்பை எண்ணுகிறது. ஆனால் தூக்கத்தின் நிலைகள் மூளையில் நிகழ்பவை. தூக்க ஆய்வுக்கூடத்தில் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்துதான் அவற்றைப் பிரிக்கிறார்கள். எனவே 'ஆழ்ந்த தூக்கம் 48 நிமிடம்' என்று கடிகாரம் சொல்வது கணக்கிட்ட ஊகம். எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம் என்பதில் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். அசையாமல் விழித்துக் கிடப்பவரைத் தூங்குவதாக எழுதிவிடுவது அதன் வழக்கமான பிழை.

மன அழுத்த எண் இன்னும் பலவீனமானது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 800 இளைஞர்களுக்குக் கடிகாரம் அணிவித்து, அவர்களின் மனநிலையையும் அன்றாடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். 2025இல் வெளியான அதன் முடிவின்படி, தூக்க நேரத்தில் கடிகாரமும் மனிதரும் ஓரளவு ஒத்துப்போனார்கள். மன அழுத்தத்திலோ இரண்டுக்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை. இதில் வியப்பில்லை. பரீட்சை பயத்திலும் நாடி வேகமாகத் துடிக்கிறது, நிக்காஹ் மகிழ்ச்சியிலும் துடிக்கிறது. கடிகாரம் துடிப்பை அறியும், காரணத்தை அறியாது.

பயன் எங்கே இருக்கிறது?

அதற்காக இவற்றை ஒதுக்கிவிடவும் முடியாது. நம் வீடுகளில் குறட்டை விடுபவரைப் பார்த்து 'அசந்து தூங்குகிறார்' என்கிறோம். அது ஸ்லீப் அப்னியாவாக இருக்கலாம். தூக்கத்தில் மூச்சு பத்து விநாடி, அதற்கு மேலும் திரும்பத் திரும்பத் தடைபடும் நோய் அது. பகலில் சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு, இரத்த அழுத்தம் என்று வெளிப்படும். மனச்சோர்வு போலவே தோன்றவும் செய்யும். இதன் அறிகுறிகளைக் கண்டு எச்சரிக்கும் வசதிக்கு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் சாம்சங் கடிகாரத்துக்கும் செப்டம்பரில் ஆப்பிள் கடிகாரத்துக்கும் அனுமதி அளித்தது. இவை நோயை உறுதி செய்வதில்லை. மருத்துவரிடம் போகச் சொல்கின்றன.

போர் முதலிய அதிர்ச்சிகளுக்குப் பின் கொடுங்கனவுகளால் அவதிப்படும் பெரியவர்களுக்காக, 'நைட்வேர்' என்ற கருவிக்கும் 2020 நவம்பரில் அதே அமைப்பு அனுமதி அளித்தது. துடிப்பும் அசைவும் மாறுவதைக் கொண்டு கனவை ஊகித்து, கையில் மெல்ல அதிர்ந்து அதைக் கலைக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும். மற்றச் சிகிச்சையோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

மதிப்பெண் என்னும் கவலை

2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 'ஆர்த்தோசோம்னியா' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார்கள். குறைவில்லாத தூக்க மதிப்பெண் வேண்டும் என்ற கவலையே தூக்கத்தைக் கெடுப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஆய்வுக்கூடப் பரிசோதனையில் நன்றாகத் தூங்கியதாகத் தெரிந்த பின்னும், தன் கருவி ஏன் மோசம் என்கிறது என்று கேட்ட நோயாளியைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள்.

தஹஜ்ஜுதுக்கும் ஃபஜ்ருக்கும் எழுபவரின் மதிப்பெண்ணும், ரமளானில் தராவீஹ் முடித்துப் படுத்து ஸஹருக்கு எழுபவரின் மதிப்பெண்ணும் இறங்கலாம். அதைப் பார்த்து வணக்கத்தின் மீது பழி போடுவது அவசர முடிவு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அதைப் பெரும்பாலும் தின்பது இரவு ஒரு மணி வரை கையில் இருக்கும் கைப்பேசி. இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை நாம் அறிவோம். கைலூலா என்னும் நண்பகல் சிறுதூக்கமும் நம் மார்க்கத்தில் உள்ளதுதான்.

அமானிதம்

உறக்கமும் நாடித்துடிப்பும் ஒருவரின் அந்தரங்கம். ஃபிட்பிட் நிறுவனத்தை கூகுள் 2021 ஜனவரியில் வாங்கி முடித்தது. அதன் உடல்நலத் தரவுகளைக் கொண்டு ஐரோப்பியப் பயனாளர்களுக்கு விளம்பரம் காட்டுவதற்குப் பத்தாண்டுத் தடை விதித்த பின்பே ஐரோப்பிய ஆணையம் சம்மதித்தது. இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது.

தரவு எங்கே போய்ச் சேரும் என்பது நம் சமுதாயத்துக்குப் புதிய பாடமல்ல. தொழுகை நேரம் காட்டும் முஸ்லிம் புரோ செயலியின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போனதும், அதன் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததும் 2020 நவம்பரில் செய்தியானது. அந்தத் தொடர்பை முறித்துக்கொள்வதாகச் செயலி நிறுவனம் அறிவித்தது. எனவே கருவி கேட்கும் அனுமதிகளில் தேவையற்றதை மறுப்போம். வீட்டுக்குள்ளும் மகனின், மருமகளின் கடிகாரப் பதிவை அவர்கள் அறியாமல் பார்ப்பது துருவி ஆராய்வதுதான். அதை மார்க்கம் தடுக்கிறது.

எண்ணைக் கேட்குமுன் மனிதரைக் கேட்போம்

மனநோயை ஈமானின் குறை என்றும் நஜர் என்றும் சொல்லி மறைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. ஓதிப் பார்ப்பது ஒருபுறம் இருக்கட்டும். மருத்துவத்தை நாடுவதும் சுன்னத்தே. ஒரு பிள்ளை கடிகாரத்தைக் காட்டி 'உம்மா, எனக்குத் தூக்கமே வரவில்லை' என்று சொன்னால், அது பேச்சைத் தொடங்க அவனுக்குக் கிடைத்த வழி. கடிகாரத்தைக் கழற்றி வை என்று முடித்துவிடாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். கடிகாரம் எல்லாம் சரி என்று காட்டினாலும், இரண்டு வாரங்களுக்கு மேல் ஒருவர் எதிலும் நாட்டமின்றி ஒதுங்கியிருந்தால் தாமதிக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இலவசம். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை ஜும்ஆ அன்று பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க நம் ஜமாஅத்துகள் முன்வர வேண்டும்.

நம் உறக்கத்தை ஓய்வாகவும் உள்ளங்களை அமைதி பெற்றவையாகவும் அல்லாஹ் ஆக்குவானாக!