ஒரு ராத்திரிக் கடவுள்

தெய்யம் என்று பேச்செடுத்தால் போதும், நண்பர்களில் ஒருவராவது இந்த வாதத்தைக் கொண்டுவந்து வைப்பார்: "நம்பூதிரியே வந்து மலையன் முன்னால கைகூப்பி நிக்கிறாரு. இதுக்கு மேல என்னய்யா சமத்துவம் வேணும் உனக்கு?"

நானும் கண்ணூர்ப் பக்கம் ஒரு காவில் விடியவிடிய நின்று பார்த்தவன்தான். முடி ஏற்றி, கண்ணாடியில் முகம் பார்த்த கணத்தில் அந்த மனிதர் தெய்வமாகிவிடுகிறார். வழியைவிட்டு விலகச் சொன்ன சங்கரரை எதிர்க்கேள்வி கேட்டு மடக்கிய கதையின் நாயகன் பொட்டன், கனல்குவியலில் சாய்ந்து கிடக்கிறான். எனக்குச் சிலிர்த்தது. பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் தெய்வமாகும் உரிமை அவருக்குப் பிறப்பால் வந்தது. பகலில் அவரைத் தள்ளி நிற்கவைத்ததும் அதே பிறப்புதான். தலைமுறை தலைமுறையாகத் தெய்யம் ஆடப்பட்ட அதே மலபார் மாவட்டத்தில்தான், குருவாயூர்க் கோவிலுக்குள் எல்லாரும் நுழைய 1931இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. கதவு திறந்தது 1947இல். அத்தனை ராத்திரிகளில் கைகூப்பியவர்கள் அத்தனை பகல்களில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இது கேரளத்தின் தனிச்சொத்து அல்ல. பழைய ரோமில் டிசம்பர் மாதத்து சாட்டர்னாலியா விழாவில் எஜமானர்கள் அடிமைகளுக்கு விருந்து வைத்தார்கள். விழா முடிந்ததும் அடிமை அடிமைதான். ஜப்பானில் நோ நாடகத்தின் மேதை ஸெயாமி, இழிவாகக் கருதப்பட்ட ஆட்டக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஷோகன் யோஷிமிட்சு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எழுபது வயதைத் தாண்டியபின், 1434இல், வேறொரு ஷோகன் காலத்தில் சாடோ தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். கொடுக்கப்பட்டது சலுகை. உரிமையாக இருந்திருந்தால் அப்படிப் பறித்திருக்க முடியுமா?

மானுடவியலாளர் மாக்ஸ் குளக்மன் ஆப்பிரிக்கச் சடங்குகளைப் பற்றி 1954இல் வெளியான உரையில் இதைத்தான் சொன்னார்: சடங்குக்குள் நடக்கும் கலகம் அமைப்பை உடைப்பதில்லை, உறுதிப்படுத்துகிறது. எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஆப்பிரிக்கா போகவேண்டியிருக்கவில்லை. நான் வேலைபார்த்த ஓர் அலுவலகத்தில் வருடம் ஒருநாள் மேனேஜர்கள் துப்புரவுப் பணியாளர்களுக்கு இலைபோட்டுப் பரிமாறுவார்கள். போட்டோ எடுப்போம், கைதட்டுவோம். மறுநாள் அந்த அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். கேன்டீனில் அவர் உட்காரக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. உட்காரச் சொல்லி நானும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"அப்ப தெய்யமே வேண்டாம்கிறியா?" என்பார்கள். இல்லை. பொட்டன் கேட்கும் கேள்வி, கேட்டுக்கொண்டிருப்பவர்களைவிடப் பெரியது. அதை இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் ஆடுபவர்கள். என் சண்டை அவர்களோடு அல்ல. அந்தக் கேள்விக்கு மஞ்சள்குறி வாங்கிக்கொண்டு, பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போய், பிறகு அதையே சமத்துவத்துக்குச் சான்றிதழாக நீட்டுகிறவர்களோடு.

அடுத்தமுறை யாராவது இந்த வாதத்தோடு வந்தால் ஒன்றுதான் கேட்கப்போகிறேன்: விடிந்து, முடி இறக்கி, முகத்துச் சாயத்தைக் கழுவியபின் அந்த மனிதர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார்?