விசா இருந்தும் திருப்பி அனுப்புவது ஏன்?

விழுப்புரத்தில் பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. திண்டிவனத்தில் ஏறினாலும் அப்படித்தான். "நீ யார்? எதற்கு வருகிறாய்?" என்று யாரும் கேட்பது இல்லை.

ஒரு காலத்தில் இது வேறு ஆட்சியின் எல்லையாக இருந்தது. அந்தப் பக்கம் பிரெஞ்சு சர்க்கார். 1908-ல் ஆங்கிலேயர் கைது செய்வார்கள் என்ற நிலை வந்தபோது, பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார். 1918 நவம்பரில் வெளியே வந்ததும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. எல்லை மறைந்தது.

இன்றும் அந்தச் சாலைகளில் போலீசார் வண்டிகளைச் சோதிப்பது உண்டு. மது பாட்டில் கடத்தினால் பறிமுதல் செய்வார்கள். ஆளையும் கைது செய்வார்கள். ஆனால் "இந்த ஊருக்குள் வராதே" என்று திருப்பி அனுப்ப முடியாது. சில எல்லைப்புறப் பகுதிகள் தவிர, நாடு முழுவதும் நடமாட அரசியல் சட்டம் நமக்கு உரிமை கொடுத்து இருக்கிறது.

அயல்நாட்டில் அந்த உரிமை நமக்குக் கிடையாது. அங்கே வேண்டியது அனுமதி.

வாசல் வரைதான் விசா

"விசா கிடைத்துவிட்டது, இனி என்ன தடை?" என்று பலர் நினைக்கிறார்கள். விசா வாசல் வரைக்கும்தான். உள்ளே விடுவதா, வேண்டாமா என்பதை விமான நிலையத்தில் இருக்கும் குடியேற்ற அதிகாரி முடிவு செய்வார்.

அவர் மறுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. மூன்று மாதமே பாக்கி இருந்தால் தொல்லைதான்.

திரும்பி வர டிக்கெட், தங்கும் இடத்தின் விலாசம், கைச்செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்டச் சொல்வார்கள்.

முன்பு ஒரு முறை கெடு தாண்டித் தங்கியவரை விடமாட்டார்கள். பெயரை மாற்றினாலும் பல நாடுகளில் கைரேகை காட்டிக் கொடுத்துவிடும்.

சாமானிலும் கவனம் வேண்டும். நம் வீட்டுக் குருமாவில் போடும் கசகசா, துபாயில் தடை செய்யப்பட்ட பொருள். அதைக் கொண்டுபோனால் சிறைக்கே போக நேரிடலாம்.

பெரிய காரணம்

சுற்றுலா என்று சொல்லி வேலைக்குப் போவதுதான் பெரிய காரணம். 2023 டிசம்பர் 1 முதல், இந்தியர்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம் என்று மலேசியா அறிவித்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. "போய் இறங்குங்கள், வேலை தயார்" என்று ஏஜெண்டு சொன்னால் நம்பக்கூடாது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, இந்திய சர்க்காரின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். சம்பளம் எவ்வளவு, முதலாளி யார் என்பது அப்போது பதிவாகிவிடும். பின்னால் சம்பளம் வராவிட்டால் அதுதான் ஆதாரம். இதைத் தட்டிக் கழிக்கவே சில ஏஜெண்டுகள் சுற்றுலா வழியைக் காட்டுகிறார்கள். பிடிபட்டுத் திரும்புகிறவர் அவர்கள் அல்ல. நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்!

எல்லாம் சரியாக இருந்தும் சிலர் திருப்பி அனுப்பப்படுவது உண்டு. அப்போது கூச்சல் போட்டுப் பயன் இல்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தூதரகம் விசாரிக்கும், ஆனால் கட்டாயப்படுத்த முடியாது.

பணம் கட்டும் முன்பு

ஏஜெண்டு லைசென்சு பெற்றவரா என்று மத்திய சர்க்காரின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பாருங்கள். வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் அவர் கட்டணம் வாங்கக்கூடாது என்பது விதி. விசாவில் "வேலை" என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால், வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு நகையை எடுக்கலாமா என்று யோசிக்கலாம்.