மூன்று ஆணிகள்

சென்ற வாரம் எங்கள் வீட்டு அரிவாள்மணையை நான்தான் கழுவி, ஈரம் துடைக்காமல் சாத்திவைத்தேன். மறுநாள் காலையில் செம்மண் பூசினாற்போல் துரு ஏறியிருந்தது. என் ஏழு வயதுப் பெண் பார்த்துவிட்டு, “பித்தளைச் சொம்புங்கூட நனைந்துதானே இருந்தது, அப்பா? அதற்கு ஏன் துரு இல்லை?” என்று கேட்டாள்.

“இரும்பின் குணம் அது, போய்ப் பாடத்தைப் படி” என்றேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. நான் சொன்னது பதிலல்ல, கேள்வியின் வாயை அடைத்த காரியம் என்பது இரவில்தான் உறைத்தது.

மறுநாள் மூன்று புட்டிகளும் மூன்று சாதாரண இரும்பாணிகளும் எடுத்துக்கொண்டோம். துத்தநாகம் பூசிய ஆணி இதற்கு உதவாது. முதல் புட்டியில் ஆணி பாதி முழுகும்படி ஜலம். இரண்டாவதில், நன்றாய்க் கொதித்த ஜலத்தை ஆணி முழுதும் மூழ்க ஊற்றி, சூடு ஆறுமுன் மேலே எண்ணெய் விட்டேன். மூன்றாவதில் ஜலமே இல்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்ச நீற்றாத சுண்ணாம்புத் துண்டு ஒன்றைப் போட்டு இறுக மூடினேன். சுண்ணாம்பும் வெந்நீரும் பெரியவர்கள் கைக்கே உரியவை.

நான்கு நாட்களில் முதல் ஆணி மட்டும் சிவந்தது. “தண்ணீரில் முழுகிய ஆணி பளபளவென்று இருக்கிறதே!” என்று குழந்தை திகைத்தாள். கொதித்தபோது ஜலத்தில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிட்டது. எண்ணெய் புதுக் காற்றை உள்ளே விடவில்லை. ஆகவே ஜலம் மட்டும் போதாது, காற்று மட்டும் போதாது. காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் இரும்புடன் சேர்ந்தால்தான் துரு. உப்பும் கலந்தால் வேகம் அதிகம். கடலோர வீட்டு ஜன்னல் கம்பிகளே சாட்சி.

சொம்பின் விஷயம் என்ன? பித்தளையில் இரும்பு இல்லை. அதன்மேலும் களிம்பு ஏறும். ஆனால் அந்தப் படலம் ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைப் பெரும்பாலும் காக்கும். துருவோ பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து, உள்ளே மேலும் அரிக்க வழிவிடும்.

டில்லியில் குதுப் மினார் அருகே நிற்கும் இரும்புத் தூணின் படத்தையும் காட்டினேன். சுமார் 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்தது, ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாக நிற்கிறது. மந்திரமல்ல. அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அதன் உதவியால் மேலே மெல்லிய காப்புப் படலம் உண்டானதென்று கான்பூர் ஐ. ஐ. டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதினார். முன்னோரின் தூணைக் கண்டு பெருமைப்படுவது எளிது. அது ஏன் துருவால் அழியவில்லை என்று கேட்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

நேற்று மாலை அடுக்களையில் எட்டிப் பார்த்தேன். அம்மா காய் நறுக்கிக் கழுவிய அரிவாள்மணையைத் துடைக்கச் சொல்லி, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவும்படி குழந்தை உத்தரவிட்டுக்கொண்டிருந்தாள். “காற்றும் தண்ணீரும் இனி உள்ளே வராது” என்றாள். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.