விலக்கு போதாது, உரிமை வேண்டும்

2025 செப்டம்பர் 1-ந் தேதி மத்திய சர்க்கார் ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9-ந் தேதிக்குள் இந்தியாவில் வந்து அடைக்கலம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா கட்டாயம் என்ற விதி பொருந்தாது என்பது அந்த ஆணையின் சாரம்.

அதே நாளில்தான் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் அமலுக்கு வந்தது. செல்லத்தக்க பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவருக்கு 5 வருஷம் வரை சிறை, 5 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டம் கூறுகிறது. குண்டுக்குத் தப்பித் தோணியேறி வந்த ஏழைகளின் தலைமேல் இந்தச் சட்டம் விழாதபடி ஆணை தடுத்திருக்கிறது. அந்த அளவில் அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால், சிறைக்கு அனுப்பமாட்டோம் என்று சொல்லிவிட்டால் போதுமா? இதுதான் நமது கேள்வி.

இந்த ஜனங்கள் யார்? 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின், யுத்தம் மூண்ட போதெல்லாம் அலை அலையாகக் கடல் கடந்து ராமேஸ்வரம் கரையில் இறங்கியவர்கள். 2021-ல் தமிழக சர்க்கார் தந்த கணக்குப்படி முகாம்களில் 58 ஆயிரத்துக்கு மேற்பட்டோரும், வெளியே 34 ஆயிரத்துக்கு மேற்பட்டோரும் இருந்தனர். பெயிண்ட் அடிக்கிறார்கள், சித்தாள் வேலைக்குப் போகிறார்கள், நம்மோடு வயலில் இறங்குகிறார்கள். ஆனால் மாலையில் நாம் வீடு திரும்புகிறோம். அவர்கள் முகாம் திரும்புகிறார்கள். குறித்த நாளில் தலையெண்ணிக்கைக்கு வந்து நிற்க வேண்டும். வெளியூர் போகவும் அனுமதி கேட்க வேண்டும்.

அங்கே பிறந்த குழந்தைகளின் கதை இன்னும் கொடுமை. 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பே பிரஜா உரிமை தந்துவிடும். அதற்குப் பின் பிறந்தவருக்குத் தாயோ தந்தையோ இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி மேலும் இறுகிவிட்டது. விண்ணப்பித்துப் பெறலாம் என்றால், அனுமதிப் பத்திரமின்றி வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’, அவர் விண்ணப்பிக்கவே தகுதியற்றவர் என்று பிரஜா உரிமைச் சட்டம் கதவைச் சாத்துகிறது. 2003-ல் செய்த திருத்தம் இது. 2025-ல் வந்த ஆணை இந்தக் கதவைத் திறக்கவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களும் அந்நியர்தான்!

சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை விவசாயத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிராசுதாரின் மனைக்கட்டில் குடிசை போட்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவன் அவன். கூலி கூடக் கேட்டால் குடிசையைப் பிரித்தெறிவார்கள். 1961-ல் சட்டம் வந்தது: குடியிருப்பை விட்டு வெளியேற்றக் கூடாது என்றது. அது பாதுகாப்பு. ஆனால் மனை மிராசுதாருடையதாகவே இருந்தது. 1971-ல் மற்றொரு சட்டம் வந்தது: குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்றது. அது உரிமை. இரண்டுக்கும் இடையே பத்து வருஷம் சென்றது. முகாம் மக்களோ நாற்பது வருஷத்துக்குப் பின் 1961-ன் வாசற்படியில்தான் வந்து நிற்கிறார்கள்.

பஞ்சாலைத் தோழர்களும் இதை அறிவார்கள். பதலியாக வருஷக்கணக்கில் கேட்டில் நிற்கும் தொழிலாளியை யாரும் விரட்டுவதில்லை, நிரந்தரமும் செய்வதில்லை. இன்று உள்ளே விட்ட கை நாளை வெளியே தள்ளலாம். ஆணையால் வந்த விலக்கும் அப்படியே. ஒரு மந்திரி சபை எழுதியதை இன்னொரு மந்திரி சபை அழித்துவிடலாம்.

விலக்கு என்றால் கோடு கிழித்தாக வேண்டும். கோட்டுக்கு அப்பால் நிற்பவன் கதி அதோகதி. 2022-ல் இலங்கையில் பொருளாதாரம் நொறுங்கி, அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியின்றிச் சிலநூறு பேர் தோணியேறி வந்தனர். அவர்கள் இந்தக் கோட்டுக்கு வெளியே. பதிவு செய்யாதவர்களும் வெளியே. அதே ஆணை, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்களுக்கு 2024 டிசம்பர் 31 வரை வாய்தா தருகிறது. அவர்களுக்குக் கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. துன்பப்பட்டு வந்தவர் எவரும் நமது சகோதரரே. ஆனால் கருணைக்கு நாடு ஒன்றுக்கு ஒரு தேதியும், மதம் பார்த்து ஒரு பட்டியலும் எதற்கு? 2019-ல் வந்த பிரஜா உரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. அகதிகளுக்கான 1951-ம் வருஷத்துச் சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. சட்டம் இல்லாத இடத்தில் தயவுதான் ஆட்சி செய்யும்.

இவர்களில் ஒரு பகுதியினர் மலையகத் தோட்டத் தொழிலாளரின் சந்ததி. திருச்சி, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஓட்டிச் சென்ற நம் மூதாதையரின் பிள்ளைகள். 1948-ல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம், அவர்களைக் கேளாமலேயே 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. அந்தக் கணக்கில் வரவேண்டியவர்களும் பின்னால் அகதிகளாய் வந்து முகாமில் சிக்கினார்கள். இவர்களுக்கு இந்தியா செலுத்த வேண்டியது கருணை அல்ல, கடன்!

“வந்தவர்களுக்கு உரிமை கொடுத்தால் நம் கூலி குறையாதா?” என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கூலியைக் குறைப்பது எது? அச்சம்தான். பத்திரமில்லாதவன் போலீசுக்குப் பயந்தவன். அவனைப் பாதிக் கூலிக்கு வேலை வாங்கலாம் என்று காண்டிராக்டர் அறிவான். அந்தப் பாதிக் கூலியைக் காட்டித்தான் நம் கூலியையும் அடிப்பான். உரிமை பெற்றவன் நிமிர்ந்து கேட்பான், சங்கத்தில் சேருவான். அவனுடைய உரிமை நமது கூலிக்கும் வேலி.

2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா ஒன்றும் சத்திரமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டில் ஒரு நீதிபதி கூறினார். சத்திரத்தில் தங்குகிறவன் இரண்டு நாளில் மூட்டையைக் கட்டுவான். நாற்பது வருஷம் உழைத்து, பெற்றோரை இந்த மண்ணில் புதைத்தவன் வழிப்போக்கன் அல்ல.

ஆகவே நாம் கோருகிறோம்: பிரஜா உரிமை கேட்டு விண்ணப்பிக்க இவர்களுக்குள்ள தடையைப் பார்லிமென்ட் நீக்க வேண்டும். முகாமில் பிறந்த குழந்தைகளுக்குத் தாமதமின்றிப் பிரஜா உரிமை வழங்க வேண்டும். ஊர் திரும்ப விரும்புவோரை எந்த நிர்ப்பந்தமும் இன்றி, பாதுகாப்போடு அனுப்ப வேண்டும். மதமும் தேதியும் பாராத ஒரே அகதிச் சட்டம் வேண்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் பக்கத்து முகாம் தொழிலாளியையும் அழைத்து வாருங்கள். அவன் குறையை அவன் வாயால் கேளுங்கள். கோரிக்கை மனுவில் முதல் கையெழுத்து நம்முடையதாக இருக்கட்டும்.